நாலு மணிக்கு நடக்கப் போகிறவர்

அன்பு மகள் ஜெனிட்டாவுக்கு முத்தையாபுரத்திலிருந்து அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், எனக்கென்னவோ உன் குரல் சரியாகப் படவில்லை. போனில் பேசினால் பாதியிலேயே ஆஸ்பத்திரி டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற பவுல் அண்ணாச்சியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

அப்பா ரிட்டயர் ஆனபின் சும்மாவே கிடக்கிறார் என்று நீ மணிக்கணக்குப் போட்டு ஓர் அட்டவணை அனுப்பினாயே, அதில் நாலு மணிக்கு நடை. மனுஷன் மற்ற எதையும் செய்யவில்லை, நாலு மணியை மட்டும் ஒருநாள்கூட விடவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம். ஏழு மணிக்கு வருவார், சட்டையில் ஒரு பொட்டு வேர்வை இருக்காது, கையில் மட்டும் தைல வாசனை. துவைக்கும்போது பார்த்தால் பையில் பஸ் டிக்கெட். நடக்கப் போகிறவருக்கு எதற்கு பஸ்? எங்கன போயிட்டு வாறிய என்று கேட்டால், நடக்கத்தான் போறேன்ளா, உனக்கு வேற சோலி இல்லியா என்று எரிந்து விழுந்தார். உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் புத்தி எங்கெல்லாமோ போனது.

போன செவ்வாய்க்கிழமை முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அப்பா ஏறிய அதே பஸ்ஸில் ஏறிவிட்டேன். திரேஸ்புரத்தில் இறங்கி ஒரு வீட்டுக்குள் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அற்புதமணி அண்ணன் வீடு. ஹார்பரில் அப்பாவோடு வேலை பார்த்து இடுப்பு ஒடிந்தாரே, அவர்தான். அவர் காலுக்குத் தைலம் தேய்த்து, கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் மெல்ல நடத்திக்கொண்டிருந்தார் அப்பா. என்னைக் கண்டதும் அப்பா முகம் செத்துப்போனது.

அங்கேயே நின்று சொல்லிவிட்டார். அண்ணன் இடுப்பு ஒடிந்த அன்றைக்குக் கப்பல் கிளம்ப நேரமாகிவிட்டதாம். கீழே நின்ற அண்ணன் தூக்கலாம் என்று கை காட்டுவதற்கு முன்னாலேயே அப்பா கிரேனில் மூட்டைகளைத் தூக்கியிருக்கிறார், அது சரிந்து அண்ணன் மேல் விழுந்திருக்கிறது. ரெண்டு நிமிஷம் பொறுக்கலைளா என்றார். விசாரணையில் அவன் கை காட்டினான் என்று சொல்லித் தப்பித்திருக்கிறார். நம்மிடமும் அப்படித்தானே சொன்னார்? பன்னிரண்டு வருஷமாக நானும் அண்ணனைத்தான் கவனமில்லாதவர் என்று பேசி வந்தேன். அண்ணனோ என்னைப் பார்த்துச் சிரித்து, இத்தன வருஷம் கழிச்சு வாரான், வந்தும் இன்னும் வெரசா நடலே, வெரசா நடலேன்னுதான் சொல்லுதான் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அப்பா பக்கத்தில் நான் உட்காரவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் அவர் மகளிடம் உண்மையைச் சொல்லாமல் இனி அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்றேன். மறுநாள் போய்ச் சொல்லிவிட்டார். அவள் இன்னும் அப்பாவோடு பேசவில்லை. ஆனாலும் அப்பா போகிற நேரத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறாளாம்.

இப்போது உன் விஷயம். போன வாரம் பெருமையாகச் சொன்னாய், முக்கால் மணி நேர வேலையைக் கால் மணியில் முடித்துவிடுகிறேன், சூப்பர்வைசர் பாராட்டினார் என்று. அந்த அரை மணி நேரத்தை எந்த நோயாளியிடமிருந்து எடுத்தாய்? மருந்துச் சீட்டை இரண்டு தரம் பார்க்க வேண்டியதை ஒரு தரம் பார்த்தாயா, இல்லை பார்க்கவே இல்லையா? நீ அவர் மகள், எனக்கு பயமாக இருக்கிறது. உனக்கு நேரம் வேண்டுமென்றால் போன் நோண்டுவதைக் குறை, என்னோடு பேசுவதைக்கூடக் குறை, ஊசி போடும் இடத்தில் மட்டும் குறைக்காதே.

கர்த்தர் உன் கைகளைக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. உன் ஒருநாள் டியூட்டியை, ஒவ்வொரு கட்டிலிலும் எவ்வளவு நேரம் நின்றாய் என்று மறைக்காமல் எழுதி அனுப்பு.

இப்படிக்கு
உன் அம்மா
ஞானதீபம் ஜெஃப்ரி