தேருக்காக அடைத்த குழி

9 பிப்ரவரி 1931, திங்கள். கிள்ளான், மலாயா.

புதிய தார் ரோட்டில் ஓராண்டுக்குள் எது பெயர்ந்தாலும் காண்ட்ராக்டர்தான் சரிசெய்ய வேண்டும். அதைக் கண்காணிக்கும் ஓவர்சியர் நான். கோயிலுக்கு எதிரே விழுந்த குழிக்காக மூன்று கடிதம் எழுதியும் அவன் ஆள் அனுப்பவில்லை. திருவிழாத் தேரின் சக்கரம் அதில் இறங்கிவிடுமே என்று போன வாரம் என் ஆட்களை வைத்து நானே அடைத்தேன். தேர் நல்லபடியாகப் போனது.

இன்று மழையில் குழி மறுபடியும் வாயைப் பிளந்துவிட்டது. காண்ட்ராக்டர் வந்து பார்த்துச் சிரித்தான்.

"நீங்க கை வச்சிட்டீங்க ஓவர்சியரே. இனிமே இது என் பொறுப்பு இல்ல லா."

என் மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரையும் ஒப்பந்தத்தைப் புரட்டிவிட்டு, அவன் சொல்வதே சரி என்றார். உன்னை யார் அடைக்கச் சொன்னது என்று என்னைக் கேட்டார்.

குழியை அப்படியே விட்டு, தேர் சாய்ந்து நாலு பேர் செத்திருந்தால், என் மேல் ஒரு குற்றமும் இருந்திருக்காது.