குளிருது என்று சொல்பவள்

ஜன. 6, செவ்வாய்

காலையில் உறைபனி. கார்க் கண்ணாடி முழுக்க வெள்ளை. பள்ளிக்கூடக் கிச்சனில் மீன், பட்டாணி, உருளைக்கிழங்கு. பட்டாணி பாதிக்கு மேல் குப்பைக்கு.

வாங்க: பால், பச்சை மிளகாய், பொங்கலுக்குப் பயறு, சர்க்கரை, கஜுப் பருப்பு.

பின்னேரம் இவர் ஒரு செய்தியோடு வந்தார். இவருடைய தங்கையின் மகன் ரமணன், பிளேஸ்டோவில் ஒற்றை அறை பிளாட், இரண்டாவது பிள்ளை வரப்போகிறது. ஏப்ரலிலிருந்து எங்கள் ரெய்னர்ஸ் லேன் வீட்டை வாடகைக்கு எடுக்கத் தயாராம். நாங்கள் ஊருக்குப் போய்விடலாம். ஒரேயடியாக. கோண்டாவிலில் எங்கள் வீட்டு மேல்மாடிக்கு டைல்ஸ்கூடப் போட்டாயிற்று. பதினெட்டாம் தேதி ஞாயிறு ரமணன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அன்றைக்கு முடிவு சொல்ல வேண்டும்.

"இனி உமக்கு இந்தக் குளிர்த் தொல்லை இல்லை" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. இத்தனை வருடம் பஸ் ஓட்டிவிட்டு போன மாதம்தான் ரிட்டயர் ஆனவர்.

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது.

இங்கே எழுதலாம், ஒருவரும் பார்க்கப் போவதில்லை. எனக்குக் குளிர் பிடிக்கும்.

மாதவிடாய் நின்ற வருடம் தொடங்கியது. நெஞ்சிலிருந்து திடீரென்று ஒரு சூடு கிளம்பும். கழுத்து, முகம், காது எல்லாம் பற்றி எரியும். பின்கதவைத் திறந்து குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன், வெறுங்காலோடு. காற்று வந்து முகத்தில் படும். சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அங்கே ஹீட்டிங் கிடையாது.

ஆனால் வாயைத் திறந்தால் வருவது "ஐயோ, என்ன குளிர்." கோயிலில், கடையில், போனில். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து பழகிய வாய். அப்போது பேசுவதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. இதை யாரிடமும் சொல்லலாம், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

போன ஆகஸ்ட் ஊரில் மூன்று கிழமை. இரவெல்லாம் குளியலறைத் தரையில் படுத்தேன். இவரிடம் வயிற்றுக்குச் சரியில்லை என்று சொன்னேன்.

ஜன. 8, வியாழன்

சாம்பல் வானம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

ஒரு யோசனை. மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தால் என்ன? வாய்க்கு வருகிற பதிலைத் தள்ளிவிட்டு, உண்மையில் எப்படி என்று.

முதலில் ஸ்டெல்லா அக்கா. கிச்சனில் என்னோடு பாத்திரம் கழுவுபவர். ஊர் மன்னார். கோட்டுக்கு மேல் கோட்டு, சொக்ஸ் இரண்டு சோடி, தலையில் மகன் பள்ளிக்குப் போட்ட பழைய தொப்பி. நிச்சயம் திட்டுவார் என்று நினைத்தேன்.

"உண்மையாக் கேக்கிறன் அக்கா. குளிர் பிடிக்குமோ, பிடிக்காதோ?"

டிரேயைக் கழுவிக்கொண்டே சொன்னார். "சண்டை நேரம் வெக்கைக்குள்ளை, பங்கருக்குள்ளை கிடந்தனாங்கள் பிள்ளை. ஓடினதெல்லாம் வெய்யிலுக்குள்ளைதான். குளிருக்குள்ளை என்னை ஒருத்தரும் துரத்திக் கலைக்கேல்லை."

பிறகு, "இருட்டுத்தான் எனக்குப் பிடிக்காது" என்றார்.

மிச்சமிருந்த டிரேக்களை இரண்டு பேருமாகத் துடைத்து அடுக்கினோம். கஸ்டர்ட் வாடை கையை விட்டுப் போகவே இல்லை.

ஜன. 10, சனி

கடைக்குப் போனேன். கஜு விலை தலைக்கு மேல். பால் மறந்துவிட்டேன்.

கடை வாசலில் கீர்த்தனா. அடுத்த தெருவில் அறை எடுத்திருக்கிற கோயம்புத்தூர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை, வந்து சில மாதம்தான். கருஞ்சிவப்பில் புதுக் கோட்டு. போன கிழமை பச்சை.

"ஸ்னோ எப்ப ஆன்ட்டி வரும்?"

"வரும், வரும். வந்தா அழுவீர். உமக்குக் குளிர் பிடிக்குமோ?"

"ஆமா ஆன்ட்டி, ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா அம்மா கேட்டா முடியல, காது வலிக்குதுன்னுதான் சொல்றேன்."

"ஏன் அப்பிடி?"

"இல்லேன்னா, பாரு, அங்கயே செட்டிலாயிட்டான்னு நெனச்சு அழுவாங்க. நான் கஷ்டப்படுறேன்னு தெரிஞ்சாதான் அவங்களுக்கு நிம்மதி."

வழியெல்லாம் சிரிப்பு. எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டாள், அதுவும் என் வயதில் பாதி. ஆனால் அவள் யாருக்காகப் பொய் சொல்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். நான் யாருக்காகச் சொல்கிறேன்? வீடு வந்து சேரும்வரை யோசித்தேன்.

ஜன. 11, ஞாயிறு

மகள் மது குரோய்டனிலிருந்து வந்தாள். ட்ராம், ரயில், பிறகு இன்னொரு ரயில், கையில் ஐஸ் போட்ட கோப்பி. டீ-சேர்ட்டுக்கு மேல் ஒரு மெல்லிய சட்டை, அவ்வளவுதான். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தோல் வேறு மாதிரியோ?

"அம்மா, இட்ஸ் நொட் ஈவன் கோல்ட்."

வீட்டுக்குள் வந்ததும் சன்னலைத் திறந்தாள். இவர் போய் மூடினார். "அம்மாக்குக் குளிரும்."

"அப்பா இஸ் த டஃப் வன்" என்றாள் என்னிடம். "அவர் ஒருநாளும் குளிருதெண்டு சொன்னதில்லை. நீங்கதான் ஓல்வேஸ்."

உண்மைதான். விடியப்புறம் டிப்போவுக்குப் போன காலத்தில்கூட ஒரு சொல் இல்லை. கையுறை வாங்கிக் கொடுத்தால் மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார்.

ஹீட்டிங் யுத்தம் நடக்கிறது, எதிரி யார் என்று இவருக்குத் தெரியாது. எனக்காக 24இல் வைக்கிறார். நான் அந்தப் பக்கம் போகும்போது 17க்கு இறக்குகிறேன். இன்று மதுவிடம் சொல்கிறார், "இந்த பொய்லர் தானா இறங்குது. ஆளைக் கூப்பிட வேணும்." கடவுளே.

ஜன. 15, வியாழன். பொங்கல்

அரை நாள் லீவு எடுத்தேன். உறைபனி, புல் நொறுங்குகிறது. சூரியன் இருக்கிறாரா என்று நிச்சயமில்லை.

வழக்கமாக அடுப்பில்தான் பொங்கல், புகை அலாரத்துக்கு ஷவர் தொப்பி மாட்டிவிட்டு. இந்த முறை இவர் பிடிவாதம். "இஞ்சை இதுதான் கடைசிப் பொங்கல். வெளியிலை வைப்பம்."

வீட்டுப் பின்வளவில் மூன்று செங்கல், அதற்கு நடுவே காஸ் அடுப்பு. நான் சேலையோடு, வெறுங்காலோடு, ஆனந்தமாக நின்றேன். வாய் மட்டும் பழக்கத்தில் "என்ன குளிரப்பா" என்றது.

இவர் லைட்டரை அழுத்தினார். பற்றவில்லை. மறுபடி. மறுபடி. லைட்டர் பழுது என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் விரல். இரண்டு விரல் பாதி வரைக்கும் மெழுகுதிரி நிறம். உயிரே இல்லாத நிறம்.

"கை என்ன?"

"ஒண்டுமில்லை." கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு காலமா?"

"பழசு. நீர் அடுப்பைப் பாரும்."

நான்தான் பற்ற வைத்தேன். பால் பொங்கியது. எந்தப் பக்கம் பொங்கியது என்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை. பொங்கல் புக்கை நன்றாக வந்தது, சர்க்கரைதான் கொஞ்சம் கூடிவிட்டது.

ஜன. 16, வெள்ளி

மழை.

இவர் குளிக்கப் போன நேரம் பஸ் வேலை ஜாக்கெட்டை எடுத்தேன், துவைக்கத்தான். பைகளில் சின்னச் சின்னச் சூட்டுப் பொட்டலங்கள், கசக்கினால் சுடுமே, அவை. எல்லாம் பாவித்து முடிந்து கல்லாகிக் கிடந்தன. உள்பையில் பெண்கள் போடுகிற மெல்லிய கையுறை ஒன்று. என்னுடையது. தொலைந்துவிட்டது என்று எப்போதோ தேடியது.

பின்னேரம் மருந்துக்கடைத் தம்பியிடம் கேட்டேன், யாருக்கோ என்று சொல்லி. குளிர் பட்டால் விரல் ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் போகாதாம். பெயர் சொன்னான், வாயில் நுழையவில்லை. டொக்டரிடம் காட்டச் சொன்னான்.

"வெக்கையான நாட்டிலை இருந்தா?"

"அது நல்லம்தான் அன்ரி."

அப்படியென்றால் அவருக்கு ஊர் வேண்டும். எனக்கு இங்கே வேண்டும். நாளை மறுநாள் ஞாயிறு. 'வர மாட்டேன்' என்றால் அவரும் போக மாட்டார், விரலை எங்காவது ஒளித்துக்கொண்டு இங்கேயே கிடப்பார். 'வருகிறேன்' என்றால் மிச்ச வாழ்நாள் குளியலறைத் தரையில். மாறி மாறி யோசித்ததில் கறி அடிப்பிடித்துவிட்டது.

ஸ்டெல்லா அக்காவைக் கேட்டாயிற்று. கீர்த்தனாவைக் கேட்டாயிற்று. ஒரே வீட்டில் இருக்கிற மனிதரைக் கேட்க மட்டும் தோன்றவில்லை.

ஜன. 18, ஞாயிறு

பிளேஸ்டோ. ரமணன் வீட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கார் நிறுத்த இடம் கிடைத்தது. ஹீட்டர் முழு வேகம், முகத்துக்கு நேரே. எனக்கு வந்துவிட்டது, அந்தச் சூடு.

"இதைக் கொஞ்சம் குறைக்கட்டோ?"

"உமக்குக் குளிருமே."

"குளிராது. எனக்குக் குளிர் பிடிக்கும்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மாதவிடாய், சூடு, பின்கதவு, ஆகஸ்ட், குளியலறைத் தரை. முப்பது வருடக் கலியாணத்தில் இந்தக் கதையெல்லாம் இவரோடு பேசியதே இல்லை. முன் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அப்ப பொய்லர்?"

"நான்தான்."

ஒரு பெண் தன் நாயோடு போனாள், நாய்க்கும் கோட்டு.

"இவ்வளவு காலமும் குளிர் குளிர் எண்டு புலம்பினது?"

"அது சும்மா. எல்லாரும் சொல்லுறது. நானும் சொன்னனான்."

"அப்ப நான் ஆருக்காண்டி ஊருக்குப் போறன்?" கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்.

"உங்களுக்காண்டி. கையைக் காட்டுங்கோ."

காட்டவில்லை. பிறகு காட்டினார். சூட்டில் சிவந்து, சாதாரணக் கையாகத்தான் இருந்தது.

"பஸ் ஓடேக்கை ஸ்டியரிங்கிலை விரல் இருக்கோ இல்லையோ எண்டு தெரியாது. கண்ணாலை பார்த்துத்தான் பிடிக்கிறது."

"ஏனப்பா ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீர் சொல்லிக்கொண்டிருந்தனீர்தானே" என்றார். "நீர் குளிருது எண்டு சொல்லேக்கை எனக்கும் சேர்த்துச் சொல்லுற மாதிரி இருக்கும். அது போதும் எண்டு இருந்தன்."

அழுகை வந்தது. அதோடு இன்னொரு தரம் சூடும். சன்னலை இறக்கினேன். இவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடச் சொல்லவில்லை.

உள்ளே போய் இவரே சொன்னார். "வீடு இப்போதைக்கு இல்லையடா தம்பி. மாமி அதிலை இருக்கிறா. நான் குளிருக்கு ஊருக்குப் போய் வெய்யிலுக்கு இஞ்சை வாறன்."

ரமணன் முகம் விழுந்துவிட்டது. பாவம், அவனுக்கும் இடம் வேண்டும்தான். "மாமிக்குத்தானே குளிர் ஏலாது?" என்று இரண்டு முறை கேட்டான். அவன் மனைவி என்னை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தாள். புருசனைத் தனியாக அனுப்புகிறவள் என்கிற பார்வை. ஆட்டிறைச்சிக் கறி நன்றாக இருந்தது. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

ஜன. 27, செவ்வாய்

விமான நிலையம். டொக்டர் பார்த்துவிட்டார், குளிசை கொடுத்திருக்கிறார், போய் வரலாம் என்றார். சூட்கேஸில் அவருடைய தங்கைக்குச் சொக்லேட், தைலம், துவாய். ஏப்ரலில் திரும்புவார்.

இன்றைக்குத்தான் முதல் முறையாக எல்லோரும் பார்க்கக் கையுறை போட்டுக்கொண்டு வந்தார். தடித்தது, கறுப்பு.

போகும்போது "கதவைப் பூட்டிப் படும்" என்றார். எத்தனையோ சொல்ல நினைத்திருந்தேன். "ஓம்" என்றேன், பழையபடி. பயமாக இருக்கிறது. இதை நான் கேட்டுத்தானே வாங்கினேன்?

ஜன. 28, புதன்

வேலை முடிந்து வந்து ஹீட்டிங்கை அணைத்தேன். மேலே கீழே எல்லாச் சன்னலையும் திறந்தேன். வீடு முழுக்கக் காற்று. வரவேற்பறையில் நைட்டியோடு ராணி மாதிரி நடந்தேன்.

கட்டிலில் அவருடைய பக்கம் கை பட்டது. சில்லென்று இருந்தது. அந்தக் குளிர் மட்டும் பிடிக்கவில்லை. தலையணையை எடுத்து நடுவில் போட்டுக்கொண்டேன்.

பிப். 2, திங்கள்

ஸ்னோ. எழும்பும்போதே தெரிந்தது, தெருவில் சத்தமே இல்லை. பள்ளிக்கூடம் பூட்டு. கீர்த்தனா படம் அனுப்பியிருக்கிறாள். நடுத்தெருவில் கருஞ்சிவப்புக் கோட்டு, வாயைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு. கூடவே, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி." அவள் அம்மாவை எனக்குத் தெரியவே தெரியாது.

பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, தேத்தண்ணீரோடு படியில் நின்றேன். குப்பைத்தொட்டி மூடிகளில் ஒரு சாண் வெள்ளை.

இவர் ஊரிலிருந்து போன் எடுத்தார். பின்னால் விசிறிச் சத்தம், யாரோ தேங்காய் துருவுகிற சத்தம்.

"விரல் எப்பிடி?"

"சோக்கா இருக்கு. காலமை நானே ஷேர்ட் பொத்தான் போட்டனான்." பிறகு, "அங்கை எப்பிடி?"

எப்படிச் சொல்வது? கால் விரல்களுக்கு இடையில் ஸ்னோ உருகிக்கொண்டிருந்தது. மூச்சு இழுத்தால் மூக்கெல்லாம் புதினா. இப்படி ஒரு காலை எனக்கு இந்த ஊரில் வாய்த்ததில்லை.

"சரியான குளிரப்பா" என்றேன். "மனிசர் இருக்கேலாது."

அந்தப் பக்கம் விசிறி மட்டும் சுற்றியது. அவருக்கு இப்போது எல்லாம் தெரியும். பொய் என்றும் தெரியும். சிரிக்கிறாரோ என்று காதை வைத்துக் கேட்டேன். சிரிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் சொல்லும்" என்றார்.

சொன்னேன்.