ஒரு கரண்டி உறை

அன்புள்ள அக்கா,

இன்றைக்குத் தயிர் நன்றாகத் தோய்ந்திருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் வருவதைக் கேட்டுப் பதறாதே.

போன மழைக்காலத்தில் நீ எங்களை விட்டுப் போன பிறகு உன் புடவைகளைச் சித்தி எடுத்துக்கொண்டாள். இயற்பியல் புத்தகங்கள் நீ பாடம் நடத்திய கல்லூரிக்கே போயின. தயிர் மட்டும் இங்கே தொடர்ந்தது. நீ கடைசியாக உறை குத்தியதிலிருந்து ஒரு கரண்டி, மறுநாள் பாலுக்கு. அதிலிருந்து ஒரு கரண்டி, அதற்கு மறுநாளுக்கு. அப்பாவும் நானும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. கிண்ணத்தை முழுக்க வழித்துக் கழுவியதும் இல்லை.

நேற்று பஜனை மடத்தில் தெருவுக்கே சாப்பாடு. தயிர் எப்போதும் உன் பொறுப்பு. இந்த முறை கடையில் வாங்கிவிடலாம் என்றார் அப்பா. நான் செய்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன்?

முந்தின நாள் மாலை மடத்து அண்டாவை நம் வீட்டுக்கு எடுத்துவந்து பால் காய்ச்சினேன். நம் வீட்டுப் பாத்திரத்துப் பால் ஆற எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் காத்திருந்தேன். ஓரத்தில் விரல் விட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு. இவ்வளவு பாலுக்கு நிறைய வேண்டும் என்று கிண்ணத்தில் இருந்த அத்தனை தயிரையும் வழித்து ஊற்றினேன். மூடினேன். மேலே சாக்கு போர்த்தினேன்.

காலையில் பால் பாலாகவே இருந்தது. நடுவில் இன்னும் வெதுவெதுப்பு.

அப்போதுதான் புரிந்தது. கொதிக்கும்போது சின்னப் பாத்திரமும் அண்டாவும் ஒரே சூடு. அதில் அளவுக்கு வேலை இல்லை. ஆனால் அண்டாவிடம் அந்தச் சூடு நிறைய இருக்கிறது. விட்டுக்கொடுக்க நேரம் எடுக்கும். ஓரம் ஆறிவிடும், நடு ஆறாது. அந்த நடுவில் உன் தயிரைக் கொண்டுபோய் ஊற்றியிருக்கிறேன். வெந்துபோயிருக்கும்.

அப்பா எட்டிப் பார்த்தார். கேட்டது ஒன்றுதான்.

"கிண்ணத்துல கொஞ்சம் வச்சிருக்கியோன்னோ?"

கழுவிக் கவிழ்த்திருந்ததைக் காட்டினேன். அவர் ஈரக் கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். திரும்பக் கவிழ்த்து வைத்தார்.

எதிர்வீட்டு லலிதா மாமி வந்தபோது நாங்கள் இருவரும் அண்டாவின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தோம்.

"என்னடா, தீபாராதனையா நடக்கறது? தயிர் எங்கே?"

சொன்னேன்.

"அத்தனையும் விட்டுட்டியா? இங்க்லீஷ் எம்.ஏ. படிச்சா இப்படித்தான் ஆக்கும்."

"அது அக்காவோடது, மாமி."

மாமி அண்டாவின் மூடியைச் சாத்தினாள். "பின்னே எங்காத்துல இருக்கறது யாரோடதாம்? அவ தந்ததுதானேடா. இன்னிக்கும் அதுலதான் ஓடிண்டிருக்கு. புளிக்காதுன்னு அவகிட்டயேதானே எல்லாரும் வாங்குவா."

விளக்கு வைத்த பிறகு இந்தத் தெருவில் யாரும் உறை கொடுக்க மாட்டார்கள். லட்சுமி போய்விடுவாளாம். நீ கொடுப்பாய். அதனால் மறந்துபோனவர்கள் எல்லாம் இருட்டிய பிறகு நம் வாசலுக்குத்தான் வந்தார்கள். உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு மறந்துவிட்டது.

மாமி தெரு வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் போட்டாள். சாப்பாட்டு நேரத்துக்குள் தயிர் வர ஆரம்பித்தது. எவர்சில்வர் தூக்கில், டப்பர்வேரில், ஒரு குக்கரில்கூட. மூலைவீட்டு ஷீலா சேச்சி பீங்கான் கிண்ணத்தை என் கையில் வைத்தாள். "இது நின்றெ சேச்சி தந்ந உறையாணு, மோனே." அதுவும் நீ கொடுத்த உறைதானாம்.

ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். ஒரே ருசி.

சாப்பிடும்போது கரண்டியைத் தூக்கிப் பிடித்து நீ அப்பாவிடம் கேட்பாயே. இதைப் பாதியாக்கினால் எது மாறும், எது மாறாது? எடை பாதியாகும் என்பார். சூடு? ஆகாது. புளிப்பு? அதுவும் ஆகாது. "அப்போ பாதி எனக்குப் போறும்" என்று அவர் தட்டிலிருந்து எடுத்துக்கொள்வாய்.

நீ போனதும் வீட்டில் ஆள் குறைந்தது. சத்தம் குறைந்தது. அரிசி குறைவாக வேகிறது. எது குறையவில்லை என்று நேற்றுவரை நான் பார்க்கவே இல்லை.

மதியம் பந்தியில் அப்பா, நீ போன பிறகு முதல்தடவையாக, மோருஞ்சாதம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். மாமி பார்த்துவிட்டு என் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

அண்டாப் பாலையும் விடவில்லை. நடுவில் முழங்கை வரை விட்டுப் பார்த்தேன், நன்றாக ஆறியிருந்தது. ஷீலா சேச்சி கிண்ணத்தில் மிச்சமிருந்ததை ஊற்றினேன். மாலையில் தோய்ந்துவிட்டது. தெருவுக்கே பங்கிட்டேன். நம் கிண்ணத்துக்கும் ஒரு கரண்டி. அப்பா அதைத் தானே உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

இன்று விளக்கு வைத்த பிறகு கதவு தட்டும் சத்தம். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண். கையில் டம்ளர். தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

கொடுத்தேன், அக்கா. இனி எந்த நேரத்தில் யார் கேட்டாலும் கொடுப்பேன்.

உன் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிற
தம்பி