குழாய்க்கு மேல் விளைந்தவை

1975

மே 11, ஞாயிறு

குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. ஆனால் பாத்தி தயார். பதினாறு அடி நீளம், இடுப்பளவு ஆழம், அடியில் ரிட்லி பண்ணையின் சாணம் இரண்டு வண்டி. இந்த வருஷம் ஆர்ச்சியை விடுவதாக இல்லை. நான்கு வருஷமாக லீக் கண்காட்சியில் முதல் பரிசு அவனுக்குத்தான். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, சுவர்க் கடிகாரம், சோபா எல்லாமே லீக் வாங்கிக் கொடுத்தவை. அவனைக் கட்டிக்கொண்ட என் தங்கை ஐவிக்குப் பெருமை தாங்கவில்லை. வெங்காயத்துக்குத் தம்பி மாதிரி ஒரு செடி, அதற்கு இவ்வளவு ரோஷமா என்று வெளியூர்க்காரன் கேட்பான். கேட்கட்டும்.

நேற்று கிளப்பில் எல்லார் முன்னாலும், "மச்சான், போன வருஷம் நீ கொண்டு வந்தது லீக்கா, பென்சிலா? காதுல செருகிக்கிட்டே வந்திருக்கலாமே" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரே இடைஞ்சல் அந்த இரும்புக் குழாய். சுரங்கத்தை மூடியபோது, உள்ளே தேங்கும் காற்று வெளியேறட்டும் என்று என் தோட்டத்தின் நட்ட நடுவில் வைத்துவிட்டுப் போனார்கள். சில நாள் உள்ளே இழுக்கும், சில நாள் வெளியே ஊதும். ஊதுகிற நாளில் பக்கத்துச் செடியின் நுனி மஞ்சளாகும். இன்று அதைத் தரைக்குக் கீழே ரம்பத்தால் அறுத்து, மரக்கட்டை அடித்து, களிமண் பூசி, மேலே மண்ணைத் தள்ளிவிட்டேன். ஏழு வருஷம் ஊதியாயிற்று. இன்னும் என்ன மிச்சம் இருக்கப் போகிறது?

மே 12

குழாய் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

வழக்கம்போல ஐவி வீட்டில் மதியச் சாப்பாடு. என் மனைவி போன பிறகு ஒரு ஞாயிறு தவறியதில்லை. இன்றைக்கு மாட்டிறைச்சி அரைவேக்காடு. சமையலறை அடுப்பு காலையிலிருந்து நின்று எரியவில்லையாம். அவர்களுடையது வரிசையின் கடைசி வீடு, சரிவில் எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது. பின்கட்டு அறைக்கு இன்னும் இரண்டு படி இறங்க வேண்டும்.

"தீப்பெட்டி நமுத்துப் போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றான் ஆர்ச்சி. நாய் பின்கட்டுக்கு வரமாட்டேன் என்று மாடிப்படியில் படுத்திருந்தது. அதற்கு வயசாகிவிட்டது என்று ஐவி சொன்னாள்.

வீட்டுக்கு வந்து காற்றழுத்தமானியைப் பார்த்தேன். முள் இறங்கியிருந்தது. ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

ஜூலை 23

ரிட்லியின் இரண்டு ஆட்டுக்குட்டிகள் ஐவி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் செத்துக் கிடந்தன. என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"எவன் வீட்டு நாயோ! கையில கெடச்சா சுட்டுத் தள்ளிடுவேன்."

கடித்த தடம் இல்லை. ரத்தம் இல்லை. இரண்டும் புல்லில் மூக்கை வைத்தபடி, தூங்குகிற மாதிரி. நேற்று நாள் முழுக்க முள் இறங்குமுகம்.

இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்தில் எனக்கு வேலையே இதுதான். ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் விளக்கோடு உள்ளே போய்க் காற்றைச் சோதித்து, ஆட்கள் வரலாம் என்று சுண்ணாம்பால் கையெழுத்துப் போடுவேன். வெளியே அழுத்தம் குறைந்தால் பழைய குடைவுகளிலிருந்து கெட்ட காற்று கிளம்பும். நிறமில்லை, வாசனையில்லை. ஒரு வழியை அடைத்தால் மண் வெடிப்பில் வேறு வழி தேடும், பள்ளம் பார்த்துத் தங்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"விஷச் செடி எதையாவது மேஞ்சிருக்கும்" என்று ரிட்லியிடம் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 2

லீக் ஒவ்வொன்றும் என் மணிக்கட்டைவிடப் பருமன். நடுவில் நிற்கும் மூன்றும் ராஜா.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆர்ச்சியால் மாடி ஏற முடியவில்லை. நான்காவது படியிலேயே மூச்சு வாங்குகிறது. முப்பது வருஷம் நிலக்கரித் தூசியை விழுங்கிய நெஞ்சு. கட்டிலைக் கீழே கொண்டுவர வேண்டும் என்றாள் ஐவி. முன்னறையில் பரிசுச் சாமான்களே அடைத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் பின்கட்டு அறைக்கு. அங்கே ஜன்னல் வழியாகத் தன் லீக் பாத்தியைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கலாம் என்று அவனுக்கும் சந்தோஷம்.

கட்டிலின் ஒரு முனையை ரிட்லி பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். இரண்டு படி இறங்கி வைத்தோம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்பார்களே.

ஆகஸ்ட் 30

காலையில் எழுந்தால் ஆர்ச்சிக்குத் தலை வெடிக்கிறதாம். பகலில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தெளிந்துவிடுகிறான். டாக்டர் வந்து நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, "தூசிதான். இனிமே இப்படித்தான் இருக்கும்" என்றாராம். டாக்டருக்குத் தெரியாததா? அப்படித்தான் இருக்கும்.

செப்டம்பர் 8, திங்கள்

ஐவி கடைக்குப் போன நேரம் பார்த்து என் பழைய சுரங்க விளக்கோடு போனேன்.

"என்ன மச்சான், ஷிப்டுக்குக் கெளம்பிட்டியா? ஏழு வருஷம் லேட்டுடா!" சிரித்ததில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

எலி வளை தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு விளக்கைக் கட்டில் பக்கத்தில் பிடித்தேன். சரியாக எரிந்தது. மெல்லக் கீழே இறக்கினேன். தொடை உயரத்தில் சுடர் சுருங்கியது. முழங்காலுக்குக் கீழே போனதும் அணைந்தது. மறுபடி ஏற்றினேன். மறுபடியும் அதே இடம். முள் இன்று நிதானமாக இருக்கிற நாள், அதற்கே இப்படி. அவன் படுக்கை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்தான்.

"அணைஞ்சு போச்சே?"

"எண்ணெய் தீந்துடுச்சு" என்றேன்.

சுரங்கமாக இருந்திருந்தால் அந்த நிமிஷமே எல்லாரையும் வெளியே அனுப்பி, வாயிலில் குறுக்குக் கட்டை போட்டிருப்பேன். இங்கே என்ன செய்தேன்? ஐவி வந்ததும், "ராத்திரி பகல் எந்நேரமும் அந்த ஜன்னலைத் திறந்து வை" என்றேன்.

"குளிர்ல இவரு இருமியே செத்துடுவாரு, லான்ஸ்."

"திற ஐவி. நல்ல காத்து வேணும் அவனுக்கு."

சரி என்றாள். நான் சொன்னால் கேட்பாள், சின்ன வயசிலிருந்தே.

கண்காட்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அன்று சாயங்காலமே குழாயைத் தோண்டித் திறந்துவிடுவேன். ஜன்னல் திறந்திருந்தால் போதும். போதும்.

செப்டம்பர் 13, சனி

கமிட்டி வந்து லீக்குகளுக்கு முத்திரை குத்திவிட்டுப் போனது. கடையில் வாங்கி வந்து ஏமாற்றக் கூடாதல்லவா. முத்திரை விழுந்தபின் கண்காட்சிக்குக் கமிட்டி பார்க்கத்தான் பிடுங்க வேண்டும். அதற்கு முன் மண்ணைத் தொட்டால் போட்டியில் இடம் கிடையாது. செயலர் ஸ்டாபர்ட் நடு மூன்றையும் நாடாவால் அளந்து, என் காதோடு சொன்னார்: "ஆர்ச்சிக்கு இந்த வருஷம் சோபா கெடையாது."

அந்த மூன்றும் சரியாகக் குழாய்க்கு மேல் நிற்கின்றன.

ஏழே நாள். ஏழு நாளில் என்ன ஆகிவிடும்?

செப்டம்பர் 15, திங்கள்

ஆர்ச்சியிடம் போய், திரும்ப மாடிக்கே போய்விடு, நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன்.

"உனக்கென்ன கிறுக்கா? இங்கேயிருந்து என் லீக்கைப் பாக்க முடியுது. நீ வந்து அதுல ஆணியக் குத்திக் கெடுத்துட்டுப் போயிடுவேன்னு காவல் இருக்கேன்" என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னோடது இந்த வருஷம் பெருசுன்னு ஸ்டாபர்ட் சொன்னான். ஜெயிச்சுக்கோடா மச்சான். எனக்குப் போதும்" என்றான்.

உதடு நீலமாக இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

மழை. மேற்கே வானம் கறுத்துக் கிடக்கிறது. முள் காலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. நான்கு மணிக்கு ஒரு தட்டுத் தட்டினேன், இன்னும் கொஞ்சம் விழுந்தது. மதியம் போய்ப் பார்த்தேன், ஜன்னல் திறந்திருக்கிறது. நாளை சாயங்காலம் கமிட்டி வரும், லீக்கைப் பிடுங்கி மூட்டை கட்டுவோம். பிடுங்கின கையோடு குழாயைத் திறந்துவிடலாம்.

ஒரே ஒரு நாள்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

விடியும்போது எழுந்தேன். அந்த முள் அவ்வளவு கீழே போய் நான் பார்த்ததே இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வெட்டினேன். நடு மூன்றும் போயின, பக்கத்தில் நின்றவையும் போயின, எதையும் பார்க்கவில்லை. களிமண்ணைக் கையாலேயே பறித்தேன். கட்டையை உடைத்து எடுத்ததும் குழாய் ஊதியது பாருங்கள், முகத்தில் அறைந்த மாதிரி. தலை சுற்றியது. அப்படியே எழுந்து கீழே ஓடினேன்.

ஜன்னல் சாத்தியிருந்தது.

ராத்திரி சாரல் கட்டில்மேல் அடித்ததாம். ஐவி சாத்திவிட்டு மாடிக்குப் போய்த் தூங்கியிருக்கிறாள். அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான், கை கீழே தொங்கிக்கொண்டு. குளிர்ந்து போயிருந்தான்.

டேய் ஆர்ச்சி. ஆர்ச்சி. நேத்தே வெட்டியிருக்கலாமேடா. நேத்தே வெட்டியிருக்கலாமே. எட்டாம் தேதியே.

டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்: தூசி.

செப்டம்பர் 20, சனி

போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். ஸ்டாபர்ட் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கிளப்புக்குள் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். ஆர்ச்சிக்காக என்று நினைத்தேன். எனக்காக.

என் பாத்தியைப் பார்த்திருக்கிறார்கள். முத்திரை குத்திய லீக்குகள் துண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார்கள். "மச்சான் போன துக்கத்துல ஜெயிக்க இருந்த லீக்கையே வெட்டிப் போட்டானே மனுஷன்! இந்த ஊர்ல எவனுக்கு வரும் அந்த மனசு?" என்றார் ரிட்லி. அவர் கண்ணில் தண்ணீர். கிளப்பில் அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு கல் எறிந்தால் என் பாத்தியில் குழாய்மேல் விழும். அது எப்போதும் அங்கே இருந்ததுதானே, அதை யார் பார்க்கப் போகிறார்கள்.

முதல் பரிசு ஆர்ச்சியின் லீக்குக்கு. ஐவி சார்பில் நான் வாங்கிக்கொண்டேன். ஒரு கம்பளி.

செப்டம்பர் 24, புதன்

அடக்கம் முடிந்தது. பெட்டியை முன்னால் சுமந்தவன் நான்.

திரும்பி வந்ததும் ஐவி கேட்டாள்: "ஜன்னலைத் திறந்து வைன்னு சொன்னியே, ஏன் லான்ஸ்?"

"நல்ல காத்துக்குத்தான்."

"நான் சாத்திட்டேன். அதனாலயா?"

"இல்லம்மா. தூசி."

செப்டம்பர் 28, ஞாயிறு

அந்த அறையில் விளக்கைத் தரை வரை இறக்கிப் பார்த்தேன். சுடர் அசையாமல் நின்றது. இனி அந்த வீட்டில் எந்த ஆபத்தும் இல்லை.

ஐவி சாப்பிடுவதில்லை. எனக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். "ரெண்டு போர்வை போத்திட்டுத் திறந்தே விட்டிருக்கலாம். உன் பேச்சக் கேட்டிருக்கலாம். நான்தான் கொன்னுட்டேன்." இன்று இதை ஆறு தடவை சொன்னாள். நான் மென்றுகொண்டிருந்தேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

குழாயை அறுத்தது, ஆட்டுக்குட்டி, விளக்கு, பன்னிரண்டு நாள், எல்லாம். மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முடித்ததும் ஐவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கட்டில எறக்கும்போது உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். விளக்கு வைத்துப் பார்த்தது அதற்குப் பிறகுதானே. ஆனால் ஆட்டுக்குட்டிகளைப் பார்த்த நாளிலேயே எனக்குத் தெரியும்.

"தெரியும்" என்றேன்.

என் தட்டை எடுத்துப் போய்க் கழுவினாள். பாதி சாப்பாடு இருந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போலீஸுக்குச் சொல்வாள், ரிட்லியிடம் சொல்வாள், நாளைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும். பாரம் இறங்கிய மாதிரிகூட இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐவி கதவைத் திறக்கவில்லை. மதியம் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஸ்டாபர்ட் வீட்டுக்கு வந்தார். ஆர்ச்சியின் பெயரில் கிளப் ஒரு வெள்ளிக் கோப்பை செய்கிறதாம், இனி வருஷா வருஷம் முதல் லீக்குக்கு அதுதானாம். யார் கையால் கொடுப்பது என்று ஐவியைப் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

"அவங்க யோசிக்கவே இல்லீங்க. லான்ஸ்தான் கொடுக்கணும்னுட்டாங்க. மேடையில நின்னு, ஆர்ச்சியப் பத்தி நாலு வார்த்தை பேசிட்டுக் கொடுக்கணுமாம். முன் வரிசையில தனக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொன்னாங்க. எத்தனை வருஷம்னு கேட்டேன். லான்ஸ் உசுரோட இருக்கற வரைக்கும்னாங்க." ஸ்டாபர்ட் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "உங்க மேல என்ன பாசம் பாருங்க."

சரி என்று சொல்லி அனுப்பினேன்.