வெள்ளிமலைக்கு இரண்டு நாள்

பிரவீன்,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. செந்தமிழ்ச்செல்வி டீச்சரும் நானும் வாடகைக் காரில் வெள்ளிமலைக்குப் போகிறோம். நாளை மறுநாள் வருவேன். அங்கே எடுத்திருக்கும் ரூமில் வெந்நீர் வருமாம். என் பென்ஷனுக்கு அந்த வாடகை கட்டுப்படியாகும்.

ஃபிரிட்ஜில் கருவாட்டுக் குழம்பு இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. பதினொரு மணிக்கு ஏசி மாட்ட ஆள் வருவார். ஹாலில் வேண்டாம், என் அறையில் மாட்டச் சொல்.

"அப்பா போயி ஒரு வருஷம்கூட ஆவல, மலை ஏறக்கூடாதும்மா. ஊர்ல இன்னா பேசுவாங்க?" என்று நேற்று கத்தினாய். அந்தக் கட்டுப்பாடு மலைக்கோயிலுக்குத்தான். நாங்கள் அருவி பார்த்து, தேன் வாங்கி, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு வருவோம். வழியில் கோயில் வந்தால் டீச்சர் இறங்கிக் கும்பிடட்டும். நான் காரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அம்மா

இன்னொன்று. "அப்பா இருந்தா இப்படிக் கெளம்புவியா?" என்றும் கேட்டாய். கிளம்பியிருக்க மாட்டேன். மலை ரோட்டு வளைவில் அவருக்கு வாந்தி வரும். எனக்கும் வரும் என்று முப்பது வருஷமாக அவரிடம் சொல்லிவந்தேன்.