மேலே போகும் கதவு

மார்ச் 4
தேதி சொல்லிவிட்டார்கள். இந்த மாதம் முப்பதோடு பெரியக்காவுக்கு ஓய்வு. அந்த ரக ஜெட்டில் எங்கள் கம்பெனியிடம் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். பெரியக்கா என்பது நாங்கள் வைத்த பெயர். தரையிறங்கும்போது அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டுத்தான் உட்காருவாள்.

விமானப் பணிப்பெண்ணாக நான் சேர்ந்தது இவளிடம். வேறு ரகத்தில் பறந்ததே இல்லை. புது ரகத்துக்கான பரீட்சையில் தேறினால் தொடர்ந்து பறக்கலாம். இல்லையென்றால் கீழே கவுண்டரில் உட்கார வேண்டும். நானா? கவுண்டரிலா? பார்த்துவிடலாம்!

மார்ச் 11
ஃபெயில்.

எழுத்துத் தேர்வில் இல்லை, கதவில். புது விமானத்தின் கதவை மட்டும் பயிற்சிக் கூடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கைப்பிடியைத் தூக்கி, கதவை வெளியே தள்ள வேண்டும். பெரியக்காவின் கதவு அப்படியில்லை. கைப்பிடியைத் தூக்கினால் தானே கூரைக்குள் ஏறிவிடும். நாம் ஓரடி பின்வாங்கி, முழுக்க ஏறிவிட்டதா என்று மேலே பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் அப்படியே பழகிய கழுத்து! இன்றும் தூக்கினேன், பின்வாங்கினேன், மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு அசையவில்லை.

"என்னம்மா, மேல பல்லி கில்லி இருக்கா?" என்றார் பயிற்சியாளர்.

மானமே போயிற்று. இன்னும் ஒரு வாய்ப்புதான் தருவார்களாம்.

மார்ச் 13
குளியலறைக்குள் நின்று கதவைத் தள்ளிப் பழகினேன். தூக்கு, தள்ளு. தூக்கு, தள்ளு. வெளியே துண்டோடு காத்திருந்த வீட்டுக்காரரின் நெற்றியில் இடித்துவிட்டது. "நீ பாஸாகுறதுக்குள்ள என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவ போலிருக்கே!" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கழுதை.

சாயங்காலம் அவரே முகத்துக்கு முன்னால் தலையணையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "ம், தள்ளு."

மார்ச் 17
கேன்டீனில் இன்று முழுக்கப் பெரியக்கா பேச்சுதான். அறிவிப்பு செய்தே பேர் வாங்கிய மைக் அக்கா, பின்பக்க ஓவனைப் பற்றி ஆரம்பித்தாள். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால்தான் சூடாகும். கோபமாகத் தட்டினால் அதுவும் ஆகாது. மழை வந்தால் பெரியக்காவின் வயிற்றடியில் ஒதுங்கி டீ குடித்ததைச் சாமான் ஏற்றுபவர் சொன்னார். எதற்கும் அசையாத மெக்கானிக், "அவ டயர்ல சாஞ்சு தூங்குன மாதிரி எங்கயும் தூங்கினதில்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் என்ன சொல்ல? மகள் என் வயிற்றில் இருப்பது வீட்டுக்காரருக்கே தெரியாதபோது பெரியக்காவுக்குத் தெரியும். பின்பக்கக் கழிவறையில் நான் எடுத்த வாந்திக்கெல்லாம் அவள்தான் சாட்சி. சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் எழுந்து தம்ளரைக் கழுவப் போனேன்.

மார்ச் 22
கடைசிப் பயணத்தில் என் பெயர் இருக்கிறது! மறுதேர்வு தேதியும் வந்துவிட்டது. முப்பதாம் தேதி காலை. அதே நாள், அதே நேரம்.

பணிநேரம் போடுபவரிடம் போய் நின்றேன். "ஏதாவது ஒண்ணுதான். பரீட்சைய விட்டா அடுத்து எப்பன்னு எனக்கே தெரியாது" என்றார். நல்லா இருக்கு நியாயம்! இத்தனை வருஷம் அவளோட சுத்தினவ நான், வழியனுப்ப நான் இல்லையா? கத்திவிட்டு வந்துவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

மார்ச் 23
பரீட்சைக்குத்தான் போகிறேன். அழுதது போதும்.

மார்ச் 28
அவளோடு என் கடைசி நாள். கதவு ஏறியதை மேலே பார்த்தேன். ஓவனைத் தட்டாமல் தடவிக் கொடுத்தேன். "நாளன்னைக்கு உனக்கும் சேர்த்து நான் தட்டுறேன்டி" என்றாள் மைக் அக்கா.

மார்ச் 30
பயிற்சிக் கூடம் ஓடுபாதைக்குப் பக்கத்தில். கதவின் முன் போய் நின்றதும் கூரைத் தகரம் அதிர்ந்தது. அவள்தான். அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். பயிற்சியாளர் உட்பட எல்லார் தலையும் மேலே போயிற்று.

நான் பார்க்கவில்லை. தூக்கினேன், தள்ளினேன். பற்களைக் கடித்துக்கொண்டு தள்ளினேன். கதவு வெளியே போயிற்று.

பயிற்சியாளர் திரும்பி அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "ஐயோ, நான் கவனிக்கலையேம்மா."

"அப்ப கதவை மூடுங்க சார். இன்னொரு தடவை செய்யறேன்."

செய்தேன். பாஸ்!

சாயங்காலம் மைக் அக்கா போனில் அழுதாள். "ஓவன் இன்னிக்கு தட்டாமலே சூடாச்சுடி."

ஏப்ரல் 19
புது விமானத்தில் முதல் நாள். எல்லாம் சுத்தம், எல்லாம் வேலை செய்கிறது. பேர் ஒன்றும் வைக்கவில்லை. போய்ச் சேர்ந்ததும் கைப்பிடியைத் தூக்கினேன், தள்ளினேன். கை தடுமாறவில்லை. பயணிகள் இறங்கினார்கள்.

எல்லாரும் போன பிறகு, ஓரடி பின்வாங்கி, மேலே ஒரு தடவை பார்த்தேன். வேண்டுமென்றேதான்.