பாதியில் நின்றவர்கள்

அன்பு மகளுக்கு,

மூட்டுவலிக்குப் புது மாத்திரை எழுதிய டாக்டர், "உங்கப்பா கணக்குப் போட்ட மருந்தாச்சே, அப்புறம் என்ன பயம்?" என்று சிரித்ததாக எழுதியிருந்தாய். அந்த வரியை நாலு முறை படித்தேன்.

எங்கள் கம்பெனி அந்த மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, அதைச் சாப்பிட்ட இருநூறு பேரில் முப்பத்தொரு பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். மற்றவர்களை மட்டும் வைத்துக் கணக்கை முடிக்கச் சொன்னார் மேலதிகாரி.

"சேர்ந்தவங்க எல்லாரையும் எண்ணணுமே சார்" என்றேன்.

"ஓட்டப்பந்தயத்துல பாதியில நின்னவனுக்கும் பரிசு குடுப்பீங்களா பெரியவரே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

நின்றதற்குக் காரணம் படிவத்திலேயே இருந்தது. பத்தொன்பது பேருக்கு நெஞ்சு படபடப்பு.

நேற்று அவர்களையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். வலி குறைவதில் இந்த மாத்திரைக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வேறு சிலருக்குக் கொடுத்த மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மூன்று முறை சரிபார்த்தும், நான் எங்கோ தப்புப் பண்ணியிருக்க வேண்டும் என்றுதான் மனம் ஆசைப்படுகிறது.

மாடி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, கிழவியாகிவிட்டேன் போல என்று நீ கேலியாக எழுதியிருந்தாய். ஒருத்திக்கு என்ன நேரும் என்று கணக்கு சொல்லாது, வயதாகவும் இருக்கலாம். ஆனாலும் இந்தக் கடிதத்தை இன்றே டாக்டரிடம் காட்டு. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன்.

முப்பத்திரண்டாவது ஆளாக நீயும் பாதியில் நின்றுவிடு, அம்மா.

கையெழுத்துப் போட்ட
உன் அப்பா